களை மருந்தால் வந்த நோய்க்கு வழக்கு: அண்ணனுக்காக நான் செய்ததும் செய்யத் தவறியதும்

2018 செப்டம்பரில் அண்ணனுடைய கழுத்தில் இருந்த கட்டி நிணநீர்ப் புற்றுநோய் என்று உறுதியானது. அப்போது அவருக்கு 66 வயது. கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் ஒரு செடி நர்சரியில் 1999 முதல் 2015 வரை வேலை பார்த்தவர். அந்தப் பதினாறு வருஷத்தில் பதினொரு வருஷம், முதுகில் தொட்டியை மாட்டிக்கொண்டு களை மருந்து அடிப்பதுதான் அவருடைய முக்கிய வேலை.

நான் வக்கீல் இல்லை. கணக்கெழுதும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். அண்ணிக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, அண்ணனுக்கோ கீமோ ஓடிக்கொண்டிருந்தது. அதனால் வழக்கின் காகித வேலை முழுவதும் என் கைக்கு வந்தது. 2023இல் சமரசமாக முடிந்தது. எதிர்த்தரப்பின் பெயரையும் தொகையையும் வெளியில் சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம், அதனால் அந்த இரண்டையும் தவிர்த்து மற்றதைச் சொல்கிறேன். அமெரிக்காவில் வயலிலோ, தோட்டத்திலோ, பள்ளிக்கூட மைதானத்திலோ மருந்து அடித்து நோயில் விழுந்த ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் இது உதவும்.

முதலில் நோயின் முழுப்பெயர்

'கேன்சர்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்து எந்த வக்கீலும் வழக்கை எடுக்க மாட்டார். திசுப் பரிசோதனை அறிக்கையில் இருக்கும் முழுப்பெயர் வேண்டும். கிளைஃபோசேட் என்ற வேதிப்பொருள் கலந்த களை மருந்துகள் மீதான வழக்குகள் பெரும்பாலும் 'நான்-ஹாட்ஜ்கின் லிம்போமா' என்ற நிணநீர்ப் புற்றுநோய் வகையைச் சுற்றியே நடக்கின்றன. அதற்குள் பல உள்வகைகள் உண்டு. அண்ணனுக்கு வந்தது 'டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல்'. 'சி.எல்.எல்' என்ற இரத்தப் புற்றுநோயையும் மருத்துவர்கள் இந்தக் குடும்பத்தில்தான் சேர்க்கிறார்கள். எனவே "எனக்கு லுக்கீமியா, இது எனக்கில்லை" என்று நீங்களாகவே ஒதுங்கிவிடாதீர்கள்.

பாராக்வாட் என்ற இன்னொரு களை மருந்தை அடித்தவர்களின் வழக்குகள் வேறு. அவை பார்க்கின்சன் நோயைப் பற்றியவை. இல்லினாய் தெற்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் 2021 முதல் அவற்றை ஒன்றாகச் சேர்த்து நடத்துகிறார்கள். பாராக்வாட் வீட்டுத் தோட்டத்துக்கு விற்கப்படுவதில்லை, சான்றிதழ் பெற்றவர்தான் அதைக் கையாளலாம். ஆகவே அந்தச் சான்றிதழ், பயிற்சிக்குப் போன பதிவு, நரம்பியல் மருத்துவர் எழுதிய குறிப்பு ஆகியவைதான் அங்கே அடிப்படை. வியட்நாம் போரில் 'ஏஜென்ட் ஆரஞ்சு' என்ற களைக்கொல்லித் தெளிப்பில் சிக்கிய முன்னாள் படைவீரர்கள் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. அவர்கள் முன்னாள் படைவீரர் துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

மருந்துக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்பதில் அறிஞர்களே இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 மார்ச்சில் கிளைஃபோசேட்டை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற 2-ஏ பிரிவில் வைத்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அப்படி வாய்ப்பில்லை என்கிறது. 54,000க்கும் மேற்பட்ட மருந்து தெளிப்பவர்களை வைத்து 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இந்த நோயோடு தொடர்பு தென்படவில்லை. 2001இல் வெளியான கனடா ஆய்வில், ஆண்டுக்கு இரண்டு நாளுக்கு மேல் மருந்து அடித்தவர்களிடம் இந்த நோய் கூடுதலாகக் காணப்பட்டது. உங்கள் வழக்கு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கும். அதனால்தான் 'எத்தனை நாள் அடித்தார்' என்பது மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி ஆகிறது.

இரண்டு காலக்கெடு

ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது: வழக்குப் போடுவதற்கான கால வரம்பு. மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கென்டக்கியிலும் டென்னசியிலும் ஒரே வருஷம். கலிஃபோர்னியா, டெக்சஸ் இரண்டு வருஷம். நியூயார்க் மூன்று, மிசூரி ஐந்து. பல மாநிலங்களில் நோய் இன்ன காரணத்தால் வந்திருக்கலாம் என்று தெரிந்த (அல்லது தெரிந்திருக்க வேண்டிய) நாளிலிருந்து எண்ணுவார்கள். ஆனால் அந்தச் சலுகையை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். நோய் உறுதியான நாளிலிருந்தே எண்ணுங்கள். நாங்கள் வக்கீலைப் பார்த்தபோது ஐந்து மாதம்தான் மிச்சம் இருந்தது. நோயாளி இறந்துபோனால் குடும்பத்தாரின் வழக்குக்குத் தனிக் கெடு உண்டு, அது இன்னும் சீக்கிரம் முடியலாம்.

இன்னொன்றை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பயாப்சியில் எடுத்த திசுவை மெழுகில் பதித்துக் கட்டியாக வைத்திருப்பார்கள். நோயின் வகையை மறுபடி சோதிக்க வேண்டி வந்தால் அதுதான் ஆதாரம். ஆய்வகங்கள் கண்ணாடித் தகடுகளையும் அறிக்கையையும் 10 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. மெழுகுக் கட்டிக்கோ 2 ஆண்டுதான். அதன்பிறகு வைத்திருப்பதும் எறிவதும் அவரவர் விருப்பம். "இந்தத் திசுவை அழிக்க வேண்டாம், வழக்கு நடக்கவிருக்கிறது" என்று நோயியல் துறைக்கு ஒரு கடிதம் எழுதி, கிடைத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். இதற்கு வக்கீல்கூடத் தேவையில்லை, இன்றைக்கே செய்யலாம்.

ஒரு நோட்டுப்புத்தகம்

நோய் தெரிந்த முதல் வாரத்தில் அண்ணி பின்பக்கக் கொட்டகையைச் சுத்தம் செய்தார். பழைய பூட்ஸ், ரப்பர் கையுறை, பாதி காலியான மருந்துக் கேன் எல்லாம் குப்பைக்குப் போய்விட்டன. அந்தச் சனியன் வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்ற வேதனையில் செய்தது, அவரை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் உங்கள் வீட்டில் நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கேனை ஒரு பெட்டியில் வைத்து மூடி, எட்டாத இடத்தில் வையுங்கள். லேபிளை நான்கு பக்கமும் படம் எடுங்கள். ஒவ்வொரு லேபிளிலும் ஈ.பி.ஏ (சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை) பதிவு எண் என்று ஒன்று இருக்கும். ஒரே பெயரில் பல கலவைகள் விற்கப்படுவதால் பெயரைவிட அந்த எண் முக்கியம்.

கேன் போனபிறகு எங்களிடம் மிஞ்சியது அண்ணனுடைய ஞாபகம் மட்டும். 21 நாளுக்கு ஒன்றாக ஆறு சுற்று கீமோ. மூன்றாவது சுற்றுக்குப் பிறகு நேற்றுச் சாப்பிட்டதே அவருக்கு நினைவில் நிற்கவில்லை. நான் தாமதமாகத்தான் விழித்தேன். நீங்கள் முதல் சுற்றுக்கு முன்பே ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கிவிடுங்கள்.

"எந்த வருஷம் தொடங்கினீங்க?" என்று கேட்டால் பதில் வராது. நான் வீட்டுக் கணக்கை வைத்துக் கேட்டேன். பெரியவளுக்குக் காது குத்தினபோது நீங்க எந்தப் பகுதியில் வேலை பார்த்தீங்க? சின்னவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம் மேஸ்திரி யாரு? வெள்ளை டொயோட்டா வாங்கினபோது முதுகில் மாட்டுற தொட்டியா, வண்டியில் இழுக்கிற டேங்கா? இப்படிக் கேட்டால் வருஷங்கள் தானாக வந்து உட்கார்ந்துகொண்டன. ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு பக்கம்: எந்த மருந்து, எந்த மாதங்கள், வாரத்துக்கு எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை மணிநேரம், கலந்தது யார், எதைப் போட்டுக்கொண்டு அடித்தார், எங்கே ஒழுகியது, எப்போது குளித்தார். தமிழிலேயே எழுதினேன். அவர் சொன்ன சொல் மாறக் கூடாது என்பதற்காக.

முதல் வரைவில் நான் ஒரு தப்பு செய்தேன். "பதினாறு வருஷம், தினமும்" என்று எழுதிவிட்டேன். அவர் பட்ட பாட்டைப் பார்த்த எனக்கு அது பொய்யாகவே தோன்றவில்லை. படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"பாப்பா, மழை மாசத்துல யார் மருந்து அடிப்பா? அழி அதை."

அழித்துவிட்டு மறுபடி கணக்கிட்டோம். பிப்ரவரி நடுவிலிருந்து அக்டோபர் வரை சுமார் 36 வாரம். வாரத்துக்கு இரண்டு நாள், சில வாரம் மூன்று. முதல் மூன்று வருஷமும் கடைசி இரண்டு வருஷமும் செடிகளை லாரியில் ஏற்றும் வேலை, மருந்தே கிடையாது. நடுவில் பதினொரு வருஷம். வருஷத்துக்கு ஏறக்குறைய 90 நாள், மொத்தம் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. 'தினமும்' என்பதைவிட இது சிறிய எண்தான். ஆனால் எங்கே தட்டிப் பார்த்தாலும் உடையாத எண்.

மறைக்க நினைக்கும் விஷயங்களையும் அதே நோட்டில் எழுதுங்கள். அண்ணன் இருபது வயதில் ஊரில் அப்பாவோடு நெல் வயலுக்குப் பூச்சிமருந்து அடித்திருக்கிறார். அதைச் சொன்னால் வழக்கு கெட்டுவிடும் என்று அண்ணி பயந்தார். வக்கீலிடம் முதல் நாளே சொன்னோம். புகைபிடித்தது, குடும்பத்தில் வேறு யாருக்காவது புற்றுநோய் வந்தது, மஞ்சள்காமாலை வகைக் கிருமித்தொற்று, எல்லாவற்றையும் எதிர்த்தரப்பு மருத்துவக் கோப்பிலிருந்து எப்படியும் எடுத்துவிடும். களை மருந்து அடித்து இதே நோய் வந்த எட்வின் ஹார்டமன் என்பவர் வழக்கில் அவருக்கு ஹெபடைடிஸ்-சி இருந்ததைக் காட்டி அதுதான் காரணம் என்று வாதாடினார்கள். மறைக்காமல் எதிர்கொண்டார்கள், 2019இல் ஜூரி அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

காகிதங்கள்

ஞாபகத்துக்குத் துணை நிற்கும் காகிதம் வேண்டும். கடை ரசீது இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், பத்து வருஷத்துக்கு முந்தைய ரசீதை யாரும் வைத்திருப்பதில்லை.

வேலை பார்த்த இடங்களை நிரூபிக்க, சமூகப் பாதுகாப்புத் துறைக்கு எஸ்.எஸ்.ஏ-7050 என்ற படிவத்தில் எழுதினால் முதலாளிகளின் பெயரோடு வருஷவாரியான சம்பளப் பட்டியல் தருவார்கள். கட்டணம் உண்டு. கலிஃபோர்னியாவில் இன்னொரு பொக்கிஷம் இருக்கிறது. விவசாயத்துக்கு அடிக்கும் ஒவ்வொரு மருந்தையும் மாவட்ட வேளாண் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 1990 முதல் அங்கே விதி, நர்சரிகளும் அதில் அடக்கம். பொது ஆவணக் கோரிக்கை வைத்து அந்த நர்சரியின் அறிக்கைகளை வாங்கினோம். என்ன மருந்து, எவ்வளவு, எந்தத் தேதி என்று இருந்தது. அடித்தவர் பெயர் அதில் இருக்காது. ஆனால் எங்கள் நோட்டில் இருந்த மாதங்களும் அந்த அறிக்கையின் மாதங்களும் ஒத்துப்போனதைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணனுடைய பழைய கைபேசியில் ஒரு படம் கிடைத்தது. தெளிப்பானின் நாசில் உடைந்துவிட்டது என்று மேஸ்திரிக்கு அனுப்பியது. பின்னால் மருந்துக் கேன், லேபிள் தெரிகிறது, தேதியும் இருக்கிறது. பழைய கைபேசிகளைத் தூக்கிப் போடாதீர்கள். கூட வேலை பார்த்தவர்களின் எண்களையும் இப்போதே தேடுங்கள். அண்ணனோடு பத்து வருஷம் அடித்த மெக்சிகோக்காரர் ஒருவர் கையெழுத்திட்டுச் சாட்சி சொன்னார்.

மருத்துவக் கோப்பை முழுதாகக் கேளுங்கள், சுருக்கம் போதாது. மருத்துவத் தகவல்களுக்கான ஹிப்பா என்ற கூட்டாட்சிச் சட்டப்படி 30 நாளுக்குள் தர வேண்டும், காரணம் எழுதிக் கொடுத்து இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம்.

"முதலாளி மேல கேஸ் போடுறது நல்லா இருக்காது" என்று அண்ணன் கடைசிவரை தயங்கினார். இந்த வழக்கு மருந்தைத் தயாரித்த நிறுவனத்தின் மீது, எச்சரிக்கவில்லை என்பதற்காக. வேலையிடத்து நோய்க்கான தொழிலாளர் இழப்பீடு தனி வழி. அது இருந்தாலும் தயாரிப்பாளர் மீது வழக்குப் போடத் தடை இல்லை.

வக்கீல்

தொலைக்காட்சியில் வரும் எண்ணைக் கூப்பிட்டால் பல நேரம் எடுப்பது அழைப்பு மையம்தான். பேசுகிறவர் எந்த மாநிலத்தில் உரிமம் பெற்ற வக்கீல், வழக்கை அவரே நடத்துவாரா, வேறு அலுவலகத்துக்குக் கைமாற்றுவாரா என்று கேளுங்கள். மாநில வக்கீல் சங்கத்தின் பட்டியலில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள்.

ஜெயித்தால் மட்டும் ஃபீஸ் என்பதுதான் வழக்கம், பெரும்பாலும் 33 முதல் 40 சதவீதம். ஒப்பந்தத்தில் நான் பென்சிலால் கோடு போட்ட இடங்கள் இரண்டு. சதவீதத்தைக் கணக்கிடுவது செலவைக் கழிப்பதற்கு முன்பா பின்பா? தோற்றால் நிபுணர் கட்டணம், நகல் செலவு யார் தலையில்? கணக்கெழுதுகிறவளாகச் சொல்கிறேன், முதல் கேள்வி ஒன்றே பல ஆயிரம் டாலர் வித்தியாசம் செய்யும். பல பேருக்குச் சேர்த்து ஒரே சமரசம் பேசினாலும், உங்கள் பங்கு எவ்வளவு, மற்றவர்களுக்கு என்ன என்பதைத் தெரிவித்து உங்களிடம் எழுத்துமூலம் சம்மதம் வாங்கியாக வேண்டும். 'வழக்கு முடியுமுன் பணம்' என்று கடன் கொடுக்க வருபவர்களைத் தவிர்த்துவிடுங்கள், வட்டியே பங்கைத் தின்றுவிடும்.

நிறுவனங்களின் பெரிய எதிர்வாதம் ஒன்றுண்டு. லேபிளில் என்ன இருக்க வேண்டும் என்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தீர்மானிக்கிறது, எனவே மாநிலச் சட்டப்படி 'எச்சரிக்கவில்லை' என்று கேட்க முடியாது என்பார்கள். 2021இல் கலிஃபோர்னியா உள்ளிட்ட மேற்கு மாநிலங்களுக்கான 9ஆம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2024இல் பென்சில்வேனியா உள்ளிட்ட மாநிலங்களுக்கான 3ஆம் சுற்று நீதிமன்றம் ஏற்றது. உங்கள் மாநிலத்தில் இன்று நிலைமை என்ன, 'எச்சரிக்கவில்லை' என்பதோடு வேறு எந்தக் காரணங்களையும் சேர்த்துப் போடுவீர்கள் என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

செய்தியில் வரும் தொகைகளை வைத்து வீட்டில் கணக்குப் போடாதீர்கள். பள்ளி மைதானப் பணியாளர் டிவேன் ஜான்சனுக்கு, களை மருந்தைத் தயாரித்த மான்சாண்டோ நிறுவனம் 28.9 கோடி டாலர் தர வேண்டும் என்று 2018 ஆகஸ்டில் ஜூரி சொன்னது உலகம் முழுக்கச் செய்தியானது. நீதிபதி அதை 7.85 கோடியாக்கினார், மேல்முறையீட்டில் 2020இல் 2.05 கோடியானது. நிறுவனம் ஜெயித்த வழக்குகளும் பல உண்டு. 2020 ஜூனில், மான்சாண்டோவை வாங்கிய பேயர் நிறுவனம் 1,090 கோடி டாலர் வரை சமரசம் அறிவித்தது, ஆனால் அது ஏறத்தாழ 1,25,000 பேருடைய கோரிக்கைகளுக்கும் இனி வரக்கூடியவற்றுக்கும் சேர்த்து. வயது, நோயின் வகை, சிகிச்சை, மருந்து அடித்த காலம் என்று பார்த்துத்தான் பங்கு பிரிப்பார்கள்.

மருந்து என்றால் என்ன

எதிர்த்தரப்பு வக்கீல் சத்தியப் பிரமாணத்தின் பேரில் கேள்வி கேட்பதை டெபாசிஷன் என்கிறார்கள். நீதிமன்றத்தில் அல்ல, ஒரு அறையில், எல்லாம் பதிவாகும். அண்ணனுக்கு ஆங்கிலம் தெரியும், ஆனாலும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டோம். களைத்திருக்கும்போது தாய்மொழியில்தான் தப்பில்லாமல் பேச வரும்.

அன்று அண்ணன் சொன்னார்: "வாரத்துக்கு ரெண்டு நாள் மருந்து அடிப்பேன். நாலஞ்சு மணிநேரம்." மொழிபெயர்ப்பாளர் 'மருந்து' என்பதை மாத்திரை மருந்துக்கு உரிய ஆங்கிலச் சொல்லால் சொல்லிவிட்டார். உடனே அடுத்த கேள்வி: என்ன மருந்து எடுத்துக்கொண்டீர்கள், எந்த நோய்க்கு? அறையில் ஐந்து நிமிடம் ஒரே குழப்பம். அவரையும் குற்றம் சொல்ல முடியாது, நம் ஊரில் எறும்புக்குப் போடுவதும் மருந்து, இருமலுக்குக் குடிப்பதும் மருந்து. அதனால் முன்கூட்டியே மொழிபெயர்ப்பாளரிடம் ஒரு சொற்பட்டியல் கொடுங்கள்: களைக்கொல்லி, பூச்சிக்கொல்லி, உரம், தெளிப்பான். நோயாளியிடமும் 'மருந்து' என்று மொட்டையாகச் சொல்லாமல் 'களைக்கொல்லி' என்று சொல்லப் பழக்குங்கள். 'நாலஞ்சு' போன்ற இணை எண்களுக்குப் பதிலாக 'நாலு முதல் அஞ்சு வரை' என்று சொல்லச் சொல்லுங்கள்.

பதிவை எழுத்தில் தருவார்கள். படித்துப் பார்த்துத் திருத்த 30 நாள் உண்டு. கூட்டாட்சி நீதிமன்றத்தில் அந்த உரிமையை டெபாசிஷன் முடிவதற்குள் கேட்டு வைக்க வேண்டும். நாங்கள் ஒன்பது இடத்தில் திருத்தினோம், ஏழு இடம் அந்த ஒரே சொல்.

மழை மாதங்களைப் பற்றி மட்டும் நாற்பது நிமிடம் கேட்டார்கள். நவம்பரில் அடித்தீர்களா? டிசம்பரில்? ஈரத்தில் அடித்தால் பலிக்குமா? ஒவ்வொரு முறையும் அண்ணன் "இல்லை, அப்போ அடிக்க மாட்டோம்" என்றார். கேட்டவர் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போனார்.

பணம் வந்தபிறகு

உடல் நோய்க்கான இழப்பீட்டுக்குக் கூட்டாட்சி வருமான வரி இல்லை. தண்டனையாகத் தரப்படும் தொகைக்கும் வட்டிக்கும் உண்டு. சமரச ஒப்பந்தத்தில் எது எதற்கு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

சிகிச்சைக்குச் செலவழித்த மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கும், தனியார் காப்பீடும் கேட்கலாம். மெடிகேர் ஒரு பட்டியல் அனுப்பும். அதை வரிவரியாகப் படியுங்கள். அண்ணனுடைய பட்டியலில் கண்புரை அறுவைசிகிச்சையும் முழங்கால் ஊசியும் சேர்ந்திருந்தன. இந்த நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர் குறிப்போடு எழுதினோம், நீக்கினார்கள். வக்கீல் ஃபீசில் மெடிகேரும் தன் விகிதத்தை ஏற்க வேண்டும், அந்தக் கழிவு கணக்கில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இறுதித் தொகைக் கடிதம் வரும்வரை வக்கீல் பணத்தை கட்சிக்காரர் பணத்துக்கான தனிக் கணக்கில் வைத்திருப்பார். எங்களுக்கு அந்தக் கடிதம் வர ஏழு மாதம் ஆனது.